19-ஆம் தேதி ராத்திரி ஏன் உட்கார வேண்டியிருக்கிறது? கணக்குப் பிரிவில் இருப்பவர்களின் நேரக் கேள்விகள்

திருப்பூரில் ஓர் உள்நாட்டு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வாட் வரி இருந்த காலத்தில் சேர்ந்தவள், 18 வருடம் ஓடிவிட்டது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், பக்கத்துக் கம்பெனிகளில் தனியாளாகக் கணக்கைச் சமாளிப்பவர்கள், ஆடிட்டர் ஆபீஸ் தம்பிகள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். வரிச் சட்டத்தில் சந்தேகம் என்று யாரும் வருவதில்லை, அதற்கு ஆடிட்டர் இருக்கிறார். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது நேரத்தைப் பற்றித்தான்.

மாதா மாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் கம்பெனியை வைத்து எழுதியிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களுக்குத் தேதிகள் கொஞ்சம் மாறும்.

மாதம் முழுக்க ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்படியும் 19-ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார வேண்டியிருக்கிறதே, ஏன்?

3பி (20-ஆம் தேதிக்குள் போட வேண்டிய மாத ஜி.எஸ்.டி. தாக்கல்) போடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு மாதம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். பில்லெல்லாம் டேலியில் (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) ஏறி, 2பி-யோடு (நமக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களை வைத்து ஜி.எஸ்.டி. தளம் தரும் பட்டியல்) ஒத்துப் பார்த்து முடிந்திருந்தால், எங்கள் அளவுள்ள கம்பெனிக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக யாரும் ராத்திரி உட்காருவதில்லை. சாயப்பட்டறை பில் வரவில்லை, எம்ப்ராய்டரிக்காரர் பில்லில் நம் ஜி.எஸ்.டி. எண் தப்பாக இருக்கிறது, நூல் பில் ஒன்று 2பி-யில் காணோம், லாரி சர்வீஸ் பில் குடோனில் யார் சட்டைப் பையிலோ இருக்கிறது. இதற்கெல்லாம் காத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம்.

ஜி.எஸ்.டி. வந்த புதிதில் எனக்கே நடந்தது. ஒரே ஒரு ஜாப் ஒர்க் (சாயம், எம்ப்ராய்டரி மாதிரி வெளியில் கொடுத்துச் செய்யும் வேலை) பில்லுக்காக 20-ஆம் தேதி சாயங்காலம் வரை காத்திருந்தேன். ஆறரைக்கு வந்தது. அதற்குள் ஜி.எஸ்.டி. தளம் சுற்றிக்கொண்டே நிற்க ஆரம்பித்துவிட்டது, மறுநாள் காலையில்தான் தாக்கல் ஆனது. முதலாளி திட்டவில்லை. "அந்த பில் எந்தத் தேதி போட்டதுங்க?" என்று மட்டும் கேட்டார். எடுத்துப் பார்த்தேன். போன மாதம் 28-ஆம் தேதி. மூன்று வாரம் அவர்கள் மேஜையில் கிடந்திருக்கிறது. நான் முதன்முதலில் போன் போட்டுக் கேட்டது 17-ஆம் தேதி.

அன்றைக்குப் பிறகு என் வேலைகளை இரண்டாகப் பிரித்துவிட்டேன். ஒன்று, ஊறப் போடும் வேலை. இன்னொன்று, அரைக்கும் வேலை. இட்லிக்கு அரிசி ஊறுவதற்கு நாம் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் நேரத்தோடு ஊறப் போட்டிருக்க வேண்டும். மறந்துவிட்டால் எவ்வளவு நல்ல கிரைண்டர் இருந்தும் பிரயோஜனம் இல்லை. பில் கேட்பது, பாக்கி உறுதிக் கடிதம் அனுப்புவது, பேங்கில் ஸ்டேட்மென்ட் கேட்பது, சூப்பர்வைசரிடம் பீஸ் கணக்கு (யார் எத்தனை பீஸ் தைத்தார் என்பது) கேட்பது எல்லாம் ஊறப் போடும் வேலை. நமக்கு இரண்டு நிமிடம், அவர்களுக்கு இரண்டு நாளோ இரண்டு வாரமோ. டேலியில் ஏற்றுவது, ஒத்துப் பார்ப்பது, தாக்கல் செய்வது அரைக்கும் வேலை. அதற்கு நாம் உட்கார வேண்டும்.

பெரும்பாலான கணக்குப் பிள்ளைகள் காலையில் வந்ததும் அரைக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதல் 20 நிமிடம் டேலியைத் திறக்கவே வேண்டாம். யாரிடமிருந்து எது வர வேண்டும் என்ற பட்டியலை எடுத்து, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடியுங்கள். அப்புறம் நீங்கள் பில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் அது ஊறிக்கொண்டிருக்கும்.

எந்தெந்தத் தேதிகளைக் குறித்து வைக்க வேண்டும்?

சர்க்கார் தேதிகள் எல்லோருக்கும் மனப்பாடம்தான். 7-ஆம் தேதி டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்து வைக்கும் வருமான வரி), 11 ஜி.எஸ்.டி.ஆர்-1 (நம் விற்பனை பில்களின் பட்டியல், சுருக்கமாக ஆர்-1), 15 பி.எஃப். மற்றும் இ.எஸ்.ஐ., 20 3பி. மார்ச்சில் பிடித்த டி.டி.எஸ்.ஸுக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. முன்கூட்டிய வருமான வரி ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஆம் தேதிகளில்.

என் டைரியில் சிவப்பு மையில் இருப்பவை வேறு தேதிகள். 1-ஆம் தேதி, வராத பில்களின் பட்டியல். 5-ஆம் தேதி, விற்பனை பில்லிலும் கிரெடிட் நோட்டிலும் (பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு) இனிமேல் கை வைப்பதில்லை. 8-ஆம் தேதி ஆர்-1 தாக்கல். 14-ஆம் தேதி 2பி வரும், அன்றும் மறுநாளும் ஒத்துப் பார்த்தல். 17-ஆம் தேதி 3பி.

20-ஐ விட 11-க்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். இதைச் சொன்னால் புதியவர்கள் நம்புவதில்லை. 3பி ஒருநாள் தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், ரொக்கமாகக் கட்டும் வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டி. வலிக்கும், ஆனால் நம்மோடு போய்விடும். ஆர்-1 11-ஐத் தாண்டினால் நம் பில் 14-ஆம் தேதி வாங்கினவர் 2பி-யில் வராது. நமக்குக் கொடுத்த வரியை அவர் அந்த மாதம் தன் வரியில் கழித்துக்கொள்ள முடியாது, அடுத்த மாதம் வரை பொறுக்க வேண்டும். மதுரையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் போன் வர ஆரம்பிக்கும். "பில்லு காட்ட மாட்டேங்குதே, பேமென்ட் அடுத்த மாசம் வாங்கிக்கோங்க" என்பார்கள். 50 ரூபாயை மிச்சம் பிடிக்கப் பார்த்து 5 லட்சம் வசூலைத் தள்ளிப்போட்டதாக ஆகிவிடும்.

எல்லாமே அவசரம் என்று வருகிறது. எதை முதலில் எடுப்பது?

நாலு கட்டம் போட்டு அவசரம், முக்கியம் என்று பிரிக்கச் சொல்வார்கள். அமெரிக்க அதிபராக இருந்த ஐசனோவர் 1954-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, அவசரமானவை முக்கியமானவை அல்ல, முக்கியமானவை ஒருபோதும் அவசரமாக வருவதில்லை என்று ஒரு கல்லூரித் தலைவர் சொன்னதாகச் சொன்னார். கட்டம் அவர் பெயரில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதிபருக்கு அது பொருந்தியிருக்கலாம். எங்கள் மேஜையில் நாலு கட்டம் போட்டால் எல்லாம் ஒரே கட்டத்தில் போய் விழுகிறது. சம்பளமும் முக்கியம், வரியும் முக்கியம், பார்ட்டியும் (நம்மிடம் வாங்குபவர், நமக்கு விற்பவர்) முக்கியம்.

நான் இரண்டு கேள்விதான் கேட்டுக்கொள்வேன். இதை நான் செய்யாவிட்டால் யார் வேலை நிற்கும்? நாளைக்குச் செய்தால் சரிக்கட்ட முடியுமா, முடியாதா?

ஒரு வெள்ளிக்கிழமை, 6-ஆம் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரைக்கு மேஜையில் ஐந்து விஷயம். நாளைக்கு வாரச் சம்பளம் போட வேண்டும். டி.டி.எஸ். கட்ட நாளை கடைசி நாள். எங்கள் ஊர் காதர்பேட்டை வியாபாரி ஒருவர் லெட்ஜர் (அவர் கணக்கின் வரவு, பாக்கி விவரம்) கேட்டு மூன்றாவது முறையாக வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறார். பேங்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் (சரக்குக் கையிருப்புக் கணக்கு) 10-ஆம் தேதிக்குள் போக வேண்டும். முதலாளி, "2021-ல ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்கினமே, அந்த பில்ல எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

முதலில் சூப்பர்வைசருக்கு ஒரு போன், பீஸ் கணக்கு மதியம் இரண்டுக்குள் வேண்டும். குடோனுக்கு ஒரு போன், ஸ்டாக் கணக்கு திங்கள் காலையில் வேண்டும். இரண்டும் ஊறப் போட்டாயிற்று, ஐந்து நிமிடம். அடுத்தது லெட்ஜர். முக்கியமான வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதைப் பார்த்துத்தான் அவர் பணம் போடுவார், அனுப்பாவிட்டால் இன்னும் நாலு தடவை கூப்பிடுவார், அனுப்புவதற்கு மூன்று நிமிடம்தான். அடுத்து டி.டி.எஸ். சலான். இது நாளை வரை தாங்கும் என்றாலும், நாளை சம்பள நாள். தவிர, வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம், எங்கள் முதலாளி அந்த நேரத்தில் பணம் எதுவும் வெளியே விட மாட்டார். பத்தேகாலுக்குள் அவரிடம் அனுமதி வாங்கியாக வேண்டும். (சிரிக்காதீர்கள். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு என்று என் டைரியில் ராகு காலமும் எழுதியிருக்கிறது. உங்கள் ஆபீஸில் எது நகராதோ அதை வைத்துத்தான் மற்றதை அடுக்க முடியும்.)

மெஷின் பில்? எதற்கு என்று கேட்டேன். "சும்மாதானுங்க, இப்ப ஒன்னு வாங்கலாமுன்னு. அப்ப என்ன ரேட்டுன்னு பாக்கலாம்." பில்லைத் தேடிப் பழைய ஃபைல் எதுவும் இறக்கவில்லை, டேலியில் பார்த்து விலையை மட்டும் சொல்லிவிட்டேன். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். மதியம் முழுக்கச் சம்பள ஷீட். ஸ்டாக் ஸ்டேட்மென்ட் திங்கள்.

சம்பளத்தைத்தான் சரிக்கட்ட முடியாத வேலை என்று சொல்வேன். வரிக்கு வட்டி கட்டலாம், பேங்க் மேனேஜரிடம் இரண்டு நாள் கேட்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளத்தை எதிர்பார்த்து நிற்கிற தையல்காரரிடம் திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் திங்கட்கிழமை அவர் வேறு கம்பெனியில் இருப்பார்.

முதலாளி நடுவில் நடுவில் கூப்பிட்டு வேலை சொல்கிறார். முடியாது என்று சொல்ல முடியுமா?

முடியாது. சொல்லவும் வேண்டாம். அவர் கம்பெனி, எதை முதலில் செய்வது என்று முடிவு பண்ண அவருக்கு உரிமை இருக்கிறது. நம் கையில் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிட வேண்டும். "சரிங்க சார், இப்பவே எடுக்கறேன். இதை எடுத்தா சம்பள ஷீட் நாலு மணிக்கு மேலதான் ஆகும், பரவாயில்லைங்களா?" பத்தில் ஏழு தடவை, "அப்ப அதை முடிச்சுட்டு இதப் பாருங்க" என்றுதான் பதில் வரும். மீதி மூன்று தடவை அவர் சொல்வது நிஜமாகவே அவசரமாக இருக்கும், நான்கு மணிக்கு ஷீட் வராதபோது அவருக்கும் காரணம் தெரிந்திருக்கும்.

செய்யக்கூடாதது, சரி சரி என்று தலையாட்டிவிட்டு மனதுக்குள் திட்டிக்கொண்டு இரண்டையும் அரைகுறையாகச் செய்வது. நான் முதல் ஆறு வருடம் அதைத்தான் செய்தேன்.

இன்னொன்று. எங்கள் கம்பெனி பார்ட்னர்ஷிப், தாக்கலுக்கான ஓ.டி.பி. முதலாளி போனுக்குத்தான் வரும். அவர் சூரத்துக்குத் துணி பார்க்கப் போய்விட்டால், ஃபிளைட்டில் இருக்கும் இரண்டு மணி நேரம் நம் கை கட்டிப் போட்ட மாதிரி. அதனால் திங்கட்கிழமை காலையில் அவரிடம் இந்த வாரம் எங்கே போகிறார் என்று கேட்டுவிடுவேன். ஓ.டி.பி. தேவைப்படும் வேலைகளைச் சேர்த்து வைத்து, அவர் உட்கார்ந்திருக்கும் அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடுவேன். தனித்தனியாக ஐந்து தடவை ஓ.டி.பி. கேட்டால் அவருக்கும் எரிச்சல்.

போனும் வாட்ஸ்அப்பும் வேலையே செய்ய விடுவதில்லை. அணைத்து வைக்கவும் முடியாது. என்ன செய்வது?

பாதி பில் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, எப்படி அணைப்பது? நான் பார்ப்பதை மட்டும் கட்டுப்படுத்தியிருக்கிறேன். காலை பதினொன்றரை, சாயங்காலம் நாலு, இந்த இரண்டு நேரத்தில் குரூப் எல்லாவற்றையும் திறந்து, பில்லை இறக்கி, பெயர் போட்டுச் சேமித்துவிடுவேன். அவசரம் என்றால் கூப்பிடுவார்கள். இதை எல்லாப் பார்ட்டிகளிடமும் ஒருமுறை சொல்லிவிட்டேன். முதல் மாதம் முணுமுணுத்தார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள்.

அழைப்பைத் தவிர்க்க முடியாது. அதற்கு மேஜையில் ஒரு துண்டுச் சீட்டு. மணி அடித்ததும் எடுக்காமல், கடைசியாக ஏற்றிய பில் எண்ணைச் சீட்டில் எழுதிவிட்டு அப்புறம் எடுப்பேன். மூன்று விநாடிதான். எழுதாவிட்டால் திரும்பி வந்து எங்கே விட்டோம் என்று தேட வேண்டும், அல்லது ஒரே பில்லை இரண்டு தடவை ஏற்றிவிடுவோம். ஒரு தடவை அப்படி இரட்டையாக ஏறிய நூல் பில்லைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் போனது.

சோஃபி லெராய் என்ற, அமெரிக்காவில் இருக்கும் பேராசிரியர் 2009-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு வேலையைப் பாதியில் விட்டு வேறொன்றுக்குப் போனால், கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, அதனால் புதிய வேலையும் மட்டமாகிறது என்று காட்டினார். என் துண்டுச் சீட்டு ஏன் வேலை செய்கிறது என்று அதைப் படித்த பிறகுதான் எனக்கே புரிந்தது. எங்கே விட்டோம் என்று எழுதிவிட்டால் மனது அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்கிறார்களே, அது நமக்கு உதவுமா?

பொமோடோரோ என்பார்கள். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980-களின் கடைசியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து ஆரம்பித்தது. பேங்க் ரீகன்சிலியேஷன் (நம் கணக்கை பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பார்ப்பது) மாதிரி உட்காரவே பிடிக்காத வேலைக்கு நல்ல வழி. 25 நிமிடம்தானே என்று உட்கார்ந்துவிடலாம். சம்பள ஷீட்டுக்கு வேண்டாம். பாதி லைன் போட்டுக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால் எழுந்து போய் வந்து தப்புப் போடுவோம்.

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிக்க முடியவில்லை. எப்போதும் தப்பாகிறது.

எல்லோருக்கும் தப்பாகிறது. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், உளவியல் மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாம் கெட்டுப் போனால் எவ்வளவு ஆகும் என்று யோசித்து அவர்களே சொன்ன கணக்கைக்கூடத் தாண்டிவிட்டது. இதில் எனக்குப் பிடித்தது, முன்னால் இப்படித் தாமதமானது அவர்களுக்கும் நினைவு இருக்கிறது, ஆனால் இந்தத் தடவை அப்படி ஆகாது என்று நினைக்கிறார்கள். நாமும் அப்படித்தான்.

அதனால் கணிக்காதீர்கள், போன மாதக் கணக்கைப் பாருங்கள். டைரியில் ஒவ்வொரு பெரிய வேலைக்கும் பக்கத்தில் ஆரம்பித்த நேரமும் முடித்த நேரமும் எழுதுங்கள். மூன்று மாதம் போதும். பேங்க் ரீகன்சிலியேஷன் ஒரு மணி நேர வேலை என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதிப் பார்த்தபோது இரண்டு மணி 40 நிமிடம். எல்லா மாதமும் அதே மாதிரி. விஷயம் என்னவென்றால், யு.பி.ஐ.யில் வரும் சில்லறை வரவுகள் யாருடையது என்று கண்டுபிடிப்பதிலேயே ஒன்றரை மணி நேரம் போகிறது. அது தெரிந்ததும், சில்லறை வரவை மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்க்காமல் தினமும் ஐந்து நிமிடம் பார்க்க ஆரம்பித்தேன். அப்போதைக்கு யார் போட்டது என்று விற்பனைப் பையனுக்கு நினைவிருக்கும். மாதக் கடைசியில் அவனுக்கும் தெரியாது.

எந்த நேரத்தில் எந்த வேலை?

3பி-யை ராத்திரியில் போடாதீர்கள். ஒருமுறை தாக்கல் செய்துவிட்டால் அதைத் திருத்த வழியில்லை, தப்பை அடுத்த மாதத்தில்தான் சரி செய்ய வேண்டும். திருத்த முடியாத வேலை காலையில், தலை தெளிவாக இருக்கும்போது. பில் ஏற்றுவது, ஃபைல் அடுக்குவது சாப்பாட்டுக்குப் பிறகு.

உதவிக்கு ஒரு பெண் இருக்கிறாள். சொல்லிக் கொடுப்பதற்குள் நானே செய்துவிடலாம் போலிருக்கிறது.

இந்த மாதம் நீங்களே செய்வதுதான் சீக்கிரம். அடுத்த மாதமும். இப்படியே பத்து வருடம் போனவர்களை எனக்குத் தெரியும், லீவு நாளிலும் அவர்களுக்கு போன் வந்துகொண்டே இருக்கும்.

நான் கண்ட வழி, முதலில் ஊறப் போடும் வேலையைக் கொடுப்பது. வராத பில் பட்டியலை அவளிடம் கொடுத்து, போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். தப்பாகப் போனாலும் பெரிய சேதம் இல்லை, பார்ட்டிகள் பெயரெல்லாம் மனதில் பதிந்துவிடும், யார் இழுத்தடிப்பார் என்பதும் தெரிந்துவிடும். எங்களிடம் இப்போது இருக்கும் பெண் என்னைவிட நன்றாகக் கேட்கிறாள். நான் கேட்டால் பத்து நாள் இழுக்கும் எம்ப்ராய்டரிக்காரர், அவள் "அண்ணா, பில்லு வரலைன்னா அக்கா என்னைத் திட்டுவாங்க" என்றதும் சாயங்காலமே அனுப்பிவிடுகிறார். நான் திட்டுவதில்லை என்று அவருக்கும் தெரியும்.

தேதியை எப்படியும் நீட்டிப்பார்கள். எதற்கு முன்கூட்டியே ஓட வேண்டும்?

நீட்டிப்பார்கள்தான். 2025-இல் வருமான வரித் தாக்கலுக்கான ஜூலை 31 முதலில் செப்டம்பர் 15-க்குப் போனது, அன்றைக்கு ராத்திரி இன்னும் ஒரு நாள் கொடுத்து 16 என்றார்கள். அந்த ராத்திரி அறிவிப்பு வரும்வரை உட்கார்ந்திருந்த ஆடிட்டர் ஆபீஸ் தம்பியிடம் கேளுங்கள், நீட்டிப்பு எவ்வளவு சந்தோஷம் தந்தது என்று. நீட்டிப்பார்கள் என்று நம்பி வேலையைத் தள்ளினவர்களுக்கும் சேர்த்து 15-ஆம் தேதி தளம் திணறியது.

தேதி நகர்ந்தால் வேலையும் விரிந்து அதை நிரப்பிக்கொள்ளும். பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1955-இல் எக்கனாமிஸ்ட் பத்திரிகையில் அரசு அலுவலகங்களைக் கிண்டல் செய்து எழுதியது இது, இன்றைக்கும் பெயர் நிற்கிறது. எனக்கு ஆறேகாலுக்கு பஸ், அதை விட்டால் அடுத்தது ஏழு மணிக்கு. வண்டி வைத்திருக்கும் எங்கள் ஸ்டோர்ஸ் தம்பி தினமும் எட்டு மணி வரை இருக்கிறார். என்னைவிட அவருக்கு வேலை அதிகம் இல்லை.

மைக்ரோ, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் கொடுக்க வேண்டுமாமே. அதற்கும் நேரத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. உத்யம் பதிவுள்ள (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) மைக்ரோ, சிறு உற்பத்தியாளருக்கும் ஜாப் ஒர்க்காரருக்கும், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் போக வேண்டும். தாண்டி, மார்ச் 31-இல் பாக்கி நின்றால் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது, பணம் கொடுத்த வருடத்தில்தான் கிடைக்கும். 2023-24 நிதியாண்டிலிருந்து இப்படி. மார்ச் 25-ஆம் தேதி இதைக் கண்டுபிடித்து என்ன செய்வது, முதலாளியிடம் ஒரே வாரத்தில் 40 லட்சம் கேட்பதா? டிசம்பரிலேயே யார் யாரிடம் உத்யம் சான்றிதழ் இருக்கிறது என்று கேட்டு வாங்கி, லெட்ஜரில் குறித்து வையுங்கள். ஜனவரியிலிருந்து பாக்கிப் பட்டியலை நாள்வாரியாக எடுத்து முதலாளி மேஜையில் வையுங்கள். இதைவிட நன்றாக ஊறப் போட வேண்டிய வேலை வேறு கிடையாது.

டைரியா, எக்செலா, செல்போன் ஆப்பா?

எது கண்ணில் படுமோ அது. எனக்குத் தினசரி காலண்டர்த் தாள். நேற்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் இன்றைய வேலைகளை எழுதுவேன். இடம் கொஞ்சம்தான், ஆறேழு வேலைக்கு மேல் எழுத முடியாது, அதுவே ஒரு கட்டுப்பாடு. சாயங்காலம் மீந்ததை டைரிக்கு மாற்றிவிட்டுத் தாளைக் கசக்கிப் போட்டுவிடுவேன். வராத பில் பட்டியல் மட்டும் எக்செலில், ஏனென்றால் இரண்டு பேர் பார்க்க வேண்டும்.

லீவு எப்போது போடலாம்?

21-லிருந்து 26 வரை. ஆனால் முகூர்த்தம் நம் தேதியைப் பார்த்து வருவதில்லை. இரண்டு வருடம் முன்பு மாமா மகள் கல்யாணம் சரியாக ஒரு 20-ஆம் தேதி. 16-ஆம் தேதியே 3பி-யைப் போட்டு முடித்து, உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அவிநாசிக்குப் போனேன். முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்து இலை போட்டதும் போன் அடித்தது. காதர்பேட்டை வியாபாரி. லெட்ஜர் வேண்டுமாம்.